சூடானதும் நிற்கும் பிரஷ் கட்டர், அறுந்துகொண்டே இருக்கும் வயர்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு ஏக்கர் தென்னை, ஊடே கொஞ்சம் மா, கொய்யா, எலுமிச்சை, எல்லாவற்றுக்கும் சொட்டுநீர். போன வருடம் வாங்கிய 52 சிசி இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிப் புல், புதர் வெட்டும் மெஷின்). காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது. இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறினால்தான் மறுபடி எடுக்கிறது. நைலான் வயர் நிற்காமல் அறுகிறது. கை மரத்துப்போகிறது. இதைத் தள்ளிவிட்டு நான்கு ஸ்ட்ரோக் வாங்கலாமா?

இப்போதைக்கு விற்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் மெஷினின் பிறவிக் குறையாக இருப்பது அரிது. பெட்ரோல் கேன், டேங்க் மூடி, வயர் சுற்றிய விதம், பெல்ட் மாட்டிய உயரம் ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் புது மெஷின் வாங்கினால் அதுவும் அடுத்த வருடம் இதே நிலைக்கு வரும்.

பெட்ரோலில் தொடங்குவோம். இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 பிப்ரவரியில் தொடங்கி 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆனால் இந்தச் சிறு இன்ஜின்களில் பெரும்பாலானவற்றின் கையேடு 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கிறது. இதனால் மூன்று சங்கடங்கள். ஒன்று, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே கார்புரேட்டர் செட்டிங்கில் கலவை 'லீன்' ஆகிறது, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைகிறது. இன்ஜின் கூடுதலாகச் சூடேறுகிறது. இரண்டு, கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரமும் (சவ்வு) எரிபொருள் குழாய்களும் நாளடைவில் விறைத்துப்போகின்றன. மூன்றாவதுதான் மோசம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் முனை கிடப்பதும் அந்த அடியில்தான். பெட்ரோலில் கலக்கும் இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலோ (2டி ஆயில்) மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். இன்ஜினுக்குள் ஆயில் இல்லாத திரவம் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

அதனால் கலந்த பெட்ரோலை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஐந்து லிட்டர் கலந்து மூலையில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மீந்ததை பைக் டேங்கில் நிறைய பெட்ரோலோடு சேர்த்துத் தீர்த்துவிடலாம். சந்தேகம் வந்தால் கலவையைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கோ கலங்கலோ தெரிந்தால் அது மெஷினுக்கு ஆகாது.

ஆயில் அளவு: உங்கள் மாதிரி பக்கவாட்டில் மாட்டும் 43, 52 சிசி சீன இன்ஜின்களின் கையேட்டில் பெரும்பாலும் 25:1 என்று இருக்கும். அதாவது லிட்டருக்கு 40 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. ஸ்டில் போன்ற கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 50:1 சொல்வதைப் பார்த்துவிட்டு, சாதாரண 2டி ஆயிலை உங்கள் மெஷினில் 20 மில்லி ஊற்றக் கூடாது. கையேட்டில் உள்ள விகிதமே கணக்கு. டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறியீடு இருக்கும் ஆயிலை வாங்குங்கள். புகையும் கரியும் குறையும். படகு மோட்டாருக்கான ஆயில் காற்றால் குளிரும் இன்ஜினுக்கு உதவாது. 'கொஞ்சம் கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே' என்று கண் அளவில் ஊற்றுபவர்கள் உண்டு. நல்லதில்லை. ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைகிறது, பிளக்கிலும் சைலன்சரிலும் கரி ஏறுகிறது. மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கிக் கேனோடு கட்டி வையுங்கள். பாதி பெட்ரோல், முழு ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல்: இந்த வரிசையில் கலந்தால் ஆயில் அடியில் தேங்காது. டேங்கில் நேரடியாக ஆயிலை விட்டுக் கலக்குவது கலப்பதே ஆகாது.

இனி சூடானதும் நிற்பதற்கு வருவோம். நின்ற அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்று. ஸ்விட்சை அணைத்து, சைலன்சர் பக்கம் எதுவும் சிந்தாதபடி டேங்க் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடியதும் மெஷின் உடனே கிளம்பினால் பிரச்சினை மூடியில் இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வர வேண்டும்; அதற்கு மூடியிலோ தனிச் சிறு குழாயிலோ ஒருவழி ரப்பர் வால்வு இருக்கும். புல்தூசியும் ஆயிலும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிக் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. இருபது நிமிடம் என்பது ஏறக்குறைய அந்த வெற்றிடம் சேரும் நேரம். 'ஆறட்டும்' என்று காத்திருக்கும்போது உண்மையில் நடப்பது, காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போவதுதான். மூடியைப் பெட்ரோலில் கழுவி ஊதிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் புது மூடி போடுங்கள். ஊசியால் குத்திப் பெரிதாக்கினால் சாய்க்கும்போதெல்லாம் பெட்ரோல் சூடான சைலன்சர் மேல் ஒழுகும்.

மூடி காரணமில்லை என்றால் அடுத்து ஸ்பார்க். சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் நன்றாகத்தான் வரும். பிளக்கைக் கழற்றி, பிளக் வயரில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பை பிளக் துளையிலிருந்து தள்ளி சிலிண்டரில் ஒட்டி வைத்து, ஸ்விட்சை ஆன் செய்து கயிறை இழுங்கள். அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் சரி. வராவிட்டால் முதலில் புது பிளக் போட்டுப் பாருங்கள், இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. அப்போதும் சூட்டில் பொறி வராமல் ஆறியதும் வந்தால் இக்னிஷன் காயில் போய்விட்டது. காயிலை மாற்றும்போது அதற்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, சுமார் 0.3 மி.மீ., வைத்து போல்ட்டை முறுக்க வேண்டும்.

கழற்றிய பிளக்கை உடனே துடைத்துவிடாதீர்கள். அதன் முனை சொல்வது நிறைய. வறண்ட பழுப்பு நிறம் என்றால் எல்லாம் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் கூட, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது சோக்கைத் திறக்காமலே ஓட்டுகிறீர்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை லீன். அதோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். இ20 பெட்ரோலில் அடிக்கடி பார்ப்பது இந்த வெள்ளைதான். கார்புரேட்டரில் எச் ஸ்க்ரூ (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) இருந்தால், இப்போதுள்ள நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொண்டு, கடிகாரச் சுற்றுக்கு எதிராக எட்டில் ஒரு சுற்று திறந்துவிடுங்கள். சுமை இல்லாமல் முழு ரேஸ் கொடுக்கும்போது இன்ஜின் லேசாகத் தடதடத்து, புல்லில் இறக்கியதும் சுத்தமாக ஓடினால் அளவு சரி. கீச்சென்று கூர்மையாக அலறினால் இன்னும் லீன்தான். நல்ல சத்தம் என்று நினைத்து அந்த அலறலில் ஓட்டிக் கெடுத்த இன்ஜின்கள் பட்டறைகளில் நிறையக் கிடக்கின்றன.

நின்றபோது கயிறை இழுக்கக் கனமாக இருந்ததா என்பதையும் நினைத்துப் பாருங்கள். சூட்டில் கனத்து, ஆறியதும் இலகுவானால் பிஸ்டன் ஏற்கெனவே உரச ஆரம்பித்திருக்கலாம். சைலன்சரைக் கழற்ற இரண்டு போல்ட்தான். கயிறை மெல்ல இழுத்துப் பிஸ்டன் மேலும் கீழும் போவதை எக்ஸாஸ்ட் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வழவழப்பாக, குறுக்கே மெல்லிய கடைசல் கோடுகள் மட்டும் தெரிந்தால் தப்பித்தீர்கள். செங்குத்தான கீறல்கள் தெரிந்தால் பிஸ்டன், ரிங், சிலிண்டர் செட் மாற்றும் வேலை. சைலன்சர் கையில் இருக்கும்போதே அதன் வாயில் உள்ள பொறித்தடுப்பு வலையைப் பாருங்கள். சில மாடல்களில் அது கிடையாது. கரி அடைத்திருந்தால் பித்தளை பிரஷால் தேய்த்தாலே பாதி இழுவை திரும்பி வரும். பிளாஸ்டிக் மூடிக்குள் சிலிண்டரின் குளிர்விக்கும் பட்டைகளுக்கு நடுவே ஆயிலும் புல்தூசியும் களிம்பாக அப்பியிருக்கும். அதையும் சுரண்டி எடுங்கள். ஏர் ஃபில்டர் ஃபோமை சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காயவைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். புழுதிக் காலத்தில் தினமும். மற்ற நாளில் எட்டு, பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. இவை எல்லாம் சரியாக இருந்தும் நின்றால் கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட் மாற்றுங்கள்.

கிளம்ப வைக்கும் முறையில் சொல்ல ஒன்றே ஒன்று. குளிர்ந்த மெஷினில் பிரைமரை (பெட்ரோலை ஏற்றும் ரப்பர் குமிழ்), திரும்பும் குழாயில் பெட்ரோல் தெரியும்வரை அமுக்கி, சோக்கை மூடி இழுங்கள். ஒரு முறை 'டப்' என்று வெடித்ததும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். அந்த 'டப்'பைக் கவனிக்காமல் சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் பிளக்கைக் கழற்றி, ஸ்விட்ச் ஆஃப், சோக் திறப்பு, பத்து முறை இழுப்பு, பிளக்கைத் துடைத்து மாட்டல்.

வயர் அறுவதற்கு முதல் காரணம் அது வறண்டு கிடப்பது. நைலான் ஈரத்தைக் குடித்தால் வளையும், உலர்ந்தால் முறியும். கடையில் மாதக்கணக்கில் வெயில் பட்டுத் தொங்கிய சுருளை வாங்கி வந்து அப்படியே மாட்டினால் கட்டாயம் அறும். ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்துச் சுற்றுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். 52 சிசிக்கு 2.7 அல்லது 3 மி.மீ. தடிமன் சரி, உங்கள் ஹெட் (வயர் சுற்றியிருக்கும் சுழலும் தலை) அதற்கு இடம் கொடுத்தால். சதுர வயர் கூர்மையாக வெட்டும். கல்லும் மட்டையும் கிடக்கும் தென்னந்தோப்பில் உருண்டை வயர்தான் நின்று உழைக்கும்.

சுற்றுவதிலும் விஷயம் இருக்கிறது. ஹெட்டில் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்து, இரண்டு இழையையும் அதனதன் அறையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இழுத்துப் பிடித்து வரிசையாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் சுழலும்போது உள்ளே உரசிச் சூடாகி இழையோடு இழை உருகி ஒட்டிவிடும். பிறகு எத்தனை தடவை தரையில் தட்டினாலும் வயர் வெளியே வராது. இழுத்தால் ஹெட்டின் வாயிலேயே அறும். நீங்கள் சொல்லும் 'அறுதல்' ஹெட்டின் வாயோடு நடக்கிறதா, முனையிலா என்று பாருங்கள். வாயோடு என்றால் ஒட்டிப்போன சுற்று, அல்லது துளையின் உலோக வளையம் தேய்ந்து கூராகிவிட்டது. முனையில் என்றால் கல், சுவர், முள்கம்பி. வயரின் நுனிதான் வெட்ட வேண்டும். ஹெட்டையே புல்லுக்குள் அமுக்கி ஓட்டினால் வயர் வளைந்து வெட்டாமல் அடிக்க மட்டுமே செய்யும்.

பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீள வயரில் அடிப்பது நம் ஊரில் சகஜம். அகலமாக வெட்டும் என்ற ஆசைதான் காரணம். ஆனால் அந்தக் கவசத்தில் இருக்கும் சின்ன பிளேடுதான் வயரின் நீளத்தைக் கட்டுப்படுத்துகிறது. நீளம் கூடினால் இன்ஜின் வேகம் எடுக்காமல் திணறும், கிளட்ச் வழுக்கித் தேயும், சூடு ஏறும். உங்கள் மெஷினில் கவசம் இல்லை என்றால் சூடாகி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கவசம் இல்லாவிட்டால் கல் முழங்காலுக்கும் கண்ணுக்கும் வரும் என்பது தனி.

கை மரப்பது அதிர்வால். இரண்டு வயரும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டாலே ஹெட் ஆட ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்த பிறகும் அதிர்ந்தால் கைப்பிடி ரப்பர், இன்ஜினையும் தண்டையும் இணைக்கும் ரப்பர், வளைந்த பிளேடு என்று பாருங்கள். தோள் பெல்ட்டின் கொக்கி வலது இடுப்புக்கு ஒரு கையகலம் கீழே வர வேண்டும். கையை எடுத்தால் நைலான் ஹெட் தரையை லேசாகத் தொட்டு நிற்கணும். பிளேடு போட்டிருந்தால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதக்கணும். எடையைத் தோள் தூக்க, கை திசையை மட்டும் காட்டினால் போதும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். இன்ஜினுக்கும் அது நல்லது.

வீசும் திசை: மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மெஷின்களில் ஹெட் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசி வெட்டுங்கள்; வெட்டிய புல் இடது பக்கம் விழும். ஏற்கெனவே வெட்டிய பகுதி இடப்பக்கம் இருக்கும்படி நடந்தால் வெட்டிய புல் வெட்டாத புல்லின் மேல் விழாது. இடப்பக்கம் காரோ ஜன்னலோ ஆளோ இருக்கக் கூடாது. யாராக இருந்தாலும் 15 மீட்டர் தள்ளி. கண்ணாடி, முழு நீள பேன்ட், பூட்ஸ், காதடைப்பான் இல்லாமல் தொடங்க வேண்டாம். தொடங்கும் முன் ஒரு கம்போடு நடந்து புல்லைத் தட்டிப் பாருங்கள். பாம்பு விலகிவிடும், மறைந்து கிடக்கும் தென்னங்கயிறு, கம்பி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் கண்ணில் படும். மரங்களுக்கு நீர் கொண்டுபோகும் 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாயை நைலான் வயர் ஒரே அடியில் பிளந்துவிடும். குழாயைத் தூக்கி மரத்தில் மாட்டிவிட்டு வெட்டுவதுதான் வழி.

மரங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் உண்மையான நஷ்டம் அங்கேதான். மா, கொய்யா, எலுமிச்சை கன்றுகளின் அடித்தண்டில் வயர் பட்டுப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காது. நாளடைவில் மரம் வாடும், காரணம் தெரியாமல் உரம் வைத்துக்கொண்டிருப்போம். தென்னைக்குப் பட்டை உரிவதால் அப்படி ஆகாது. ஆனால் இளந்தென்னையின் அடியில் படும் காயத்தின் வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதனால் எந்தக் கன்றானாலும் சுற்றி ஒன்றரை அடி வட்டத்தைக் களைக்கொத்தால் சுத்தம்செய்து, வெட்டிய புல்லையே மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். மெஷின் அந்த வட்டத்துக்குள் போகவே கூடாது.

கோரையை இந்த மெஷின் ஒழிக்காது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, ஒரு வாரத்தில் தளிர்க்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வெட்டுங்கள். பூத்த பிறகு வெட்டினால் மகரந்தம் முகத்திலும் தோலிலும் அரிப்பைக் கிளப்பும். விரல் தடிமன் வரை உள்ள சீமைக்கருவேலக் கன்றுக்கு வயர் வேண்டாம், மூன்று பல் பிளேடு போடுங்கள். பிளேடின் நட் இடது மரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கி மரையை அழித்தவர்கள் அதிகம். கியர் பாக்ஸ் துளையில் கம்பியைச் செருகிச் சுழற்சியைப் பூட்டிக்கொண்டு, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். வெட்டும்போது பிளேடின் இடது பக்கத்தைப் பயன்படுத்துங்கள். கடிகாரத்தில் 12-க்கும் 3-க்கும் நடுவேயுள்ள முன்-வலப் பகுதி கட்டையில் பட்டால் மெஷின் சடாரென்று வலப்பக்கம் உதைத்துத் திரும்பும்.  முள்கம்பி வேலி ஓரம் பிளேடு கூடவே கூடாது. ஐடிலில் விட்டால் ஹெட் சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கியர் பாக்ஸில் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை லித்தியம் கிரீஸ். பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கழற்றி அங்கே அழுத்தினால் போதும், நிரம்பி வழிய வேண்டாம்.

மழைக்காலம் முடிந்து மூலையில் வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, பிரைமரை அமுக்கி மீதியையும் வெளியேற்றி, தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓட்டுங்கள். பிளக் துளையில் அரை ஸ்பூன் 2டி ஆயில் விட்டு இரண்டு முறை மெல்ல இழுத்து பிளக்கை மாட்டிவிடுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் கேள்விக்கு வருகிறேன். இப்போதுள்ள மெஷினில் பிஸ்டன் கீறியிருந்தால், செட் மாற்றும் செலவைப் புது மெஷின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது நான்கு ஸ்ட்ரோக்கை யோசிக்கலாம். தோட்டத்தில் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் புல் மட்டும் வெட்டுபவருக்கு அது பொருத்தம்: ஆயில் கலக்கும் வேலை இல்லை, புகை குறைவு, சத்தம் காதுக்கு இதமானது, பெட்ரோலும் மிச்சம். புதரும் சீமைக்கருவேலமும் அதிகம் வெட்டும் இடத்தில் இரண்டு ஸ்ட்ரோக் கொடுக்கும் துள்ளல் இதில் இருக்காது. ஹோண்டா ஜிஎக்ஸ்35 வகை 35 சிசி இன்ஜினில் பிடிப்பது 100 மில்லி ஆயில்தான். அவ்வளவு சின்ன அளவில் 30 மில்லி குறைந்தாலே ஆபத்து, அதனால் ஒவ்வொரு முறை கிளப்பும் முன்பும் சமதளத்தில் வைத்துப் பார்க்கணும். 10டபிள்யூ-30 ஆயிலை முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறையும், பிறகு 50 மணிக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் ஏர் ஃபில்டர் ஆயிலில் நனைந்து வெள்ளைப் புகை கிளம்பும். அந்த மெஷினுக்குக் கலந்த பெட்ரோலை ஊற்றிவிடாமல் இருக்க, இரண்டும் வீட்டில் இருந்தால் கேன்களுக்கு வேறு வேறு நிறம் அடித்து வையுங்கள்.